பாத்திரம் அறிந்து சரக்கு கொடுப்போம்



பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிச்சைக்கே பாத்திரம் பார்க்க வேண்டும் என்றால், காசு வாங்கிக்கொண்டு சரக்கு கொடுக்கும் நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்! நல்ல சரக்கு கெட்ட பெயர் வாங்குவதற்குப் பாதிக் காரணம், அது போய்ச் சேரும் பாத்திரம்தான். இதை நாங்கள் கற்றுக்கொண்டது அரிசியிலோ பருப்பிலோ அல்ல. இன்று நம்மில் பெரும்பாலோர் கடையில் இல்லாத ஒரு சரக்கில் கற்றுக்கொண்டோம். அதுதான் பைப் புகையிலை. பழைய தமிழில் சுங்கான் என்று சொல்வார்களே, அந்தப் பைப்பில் போட்டுப் புகைக்கும் புகையிலை.

புகையிலையை வளர்க்கச் சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்தச் சரக்கை எங்கள் கடையில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டோம். அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம். ஆனால் அதில் பெற்ற பாடத்தை நிறுத்தவில்லை. அதை இளைய வணிகர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

திரும்பி வந்த நான்கு டின்கள்

எங்களுடையது மேட்டுப்பாளையத்தில் மொத்த மளிகை வியாபாரம். நீலகிரி மலைக் கடைகளுக்கு வாரம் இருமுறை லாரியில் சரக்கு ஏறும். அந்த நாளில் தேயிலை எஸ்டேட் துரைமார்களில் சிலர் பைப் பிடிப்பார்கள். அவர்களுக்காக மலையில் உள்ள சில்லறைக் கடைக்காரர்கள் பைப் புகையிலை கேட்பார்கள். நாங்கள் சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கி அனுப்புவோம். மாதத்துக்கு ஒரு டஜன் டின் போனால் அதிகம். லாபமும் சொற்பம். ஆனால் அந்த ஒரு டஜன் டின்னுக்காகவே துரை பங்களாவின் மற்ற மளிகையும் அந்தக் கடைக்கு வரும்.

1985-ஆம் ஆண்டு மலையிலிருந்து ஓர் அண்ணாச்சி நான்கு டின்களைத் திருப்பி அனுப்பினார். புதிதாக வந்த துரை ஒரு டின்னைத் திறந்து இரண்டு நாள் புகைத்துப் பார்த்துவிட்டு, "கரியும் தாரும் நாறுகிறது, பழைய சரக்கு" என்று சொல்லிவிட்டாராம். இனிப்பு வாசனை கொண்ட நல்ல புகையிலை என்று எங்களிடம் சொல்லப்பட்ட சரக்கு அது.

அப்போது எங்களுக்கு வயது இருபத்தைந்துக்குள். ரத்தச் சூடு. டின்னைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சென்னை வியாபாரிக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினோம். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாகக் குற்றம் சாட்டினோம். அவருக்குத் தர வேண்டிய மொத்தப் பாக்கியையும் இரண்டு மாதம் நிறுத்தி வைத்தோம். அவர் மறுப்பே சொல்லவில்லை. நான்கு டின்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பணத்தை வரவு வைத்து, எங்கள் கணக்கை முடித்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, எஸ்டேட்டில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அவரும் பைப் பிடிப்பவர்தான். பழைய துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்த பைப்புகள் அவரிடம் இருந்தன. பேச்சோடு பேச்சாக நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"தம்பி, துரை எந்தப் பைப்பில் போட்டுப் பிடித்தார்?"

நாங்கள் விழித்தோம். அவர் விசாரித்து வந்து மறுவாரம் விளக்கம் சொன்னார். அந்தத் துரை வைத்திருந்தது ஒரே ஒரு மரப் பைப். பத்து வருடமாக அதில் லத்தாக்கியா கலந்த புகையிலையையே பிடித்து வந்திருக்கிறார். அதே பைப்பில் எங்கள் இனிப்புப் புகையிலையைப் போட்டிருக்கிறார். மரத்தில் ஊறியிருந்த பழைய வாடை புதுச் சரக்கின் மேல் ஏறிவிட்டது.

"டீத்தூளை மிளகாய் மூட்டை பக்கத்தில் வைப்பீர்களா தம்பி? வைத்துவிட்டு, டீ காரமாக இருக்கிறது என்று தோட்டத்துக்காரனைத் திட்டுவீர்களா?" என்று கேட்டார். பிறகு அதே டின்னில் மீதி இருந்த புகையிலையைத் தம்மிடம் இருந்த மக்காச்சோளத் தக்கைப் பைப்பில் போட்டுத் துரையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். சரக்கில் எந்தக் குறையும் இல்லை என்று துரையே ஒப்புக்கொண்டாராம்.

எங்கள் தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சரக்கைக் குறை சொல்லும் முன் சாக்கைப் பார்த்தாயா?" சென்னை வியாபாரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினோம். மரியாதையாகப் பதில் வந்தது. கணக்கு மட்டும் திரும்பத் திறக்கவில்லை. பிற்பாடு அந்தப் பெரியவரிடமே உட்கார்ந்து இந்தச் சரக்கைப் பற்றி ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வேறு வழிகளிலும் விசாரித்துச் சேர்த்தோம். அதன் சுருக்கம் கீழே.

முதலில் இலையைப் பார்ப்போம்

புகையிலை என்றால் நமக்கு வேதாரண்யம் மெல்லும் புகையிலையும் திண்டுக்கல் சுருட்டும்தான் நினைவுக்கு வரும். பைப்புக்குப் போகும் இலை வேறு. செடி ஒரே இனம்தான். பயிராகும் மண்ணும், இலையைப் பதப்படுத்தும் முறையும் மாறும்போது சரக்கு மாறிவிடுகிறது. ஒரே நெல்லைப் பச்சரிசியாகவும் புழுங்கலாகவும் ஆக்குவது போல.

வர்ஜீனியா: கொட்டகைக்குள் இரும்புக் குழாய்கள் வழியாக வெப்பத்தை மட்டும் செலுத்தி, புகை படாமல் உலர்த்தும் இலை. இதில் இயற்கையான சர்க்கரை அதிகம். அதனால் இனிப்பாக இருக்கும், ஆனால் சூடாக எரியும். அவசரமாக இழுத்தால் நாக்கைச் சுடும். அமெரிக்காவில் தோன்றிய இந்த முறை நம் நாட்டில் ஆந்திராவின் குண்டூர்ப் பகுதியில் வேரூன்றியது. 1976-இல் அமைந்த புகையிலை வாரியத்துக்குத் தலைமையிடம் குண்டூர் என்பதை நம்மில் பலர் அறிவோம்.

பர்லி: நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட்டு உலர்த்துவது. சர்க்கரை மிகக் குறைவு. பஞ்சு போல எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மணம் ஏற்றுவதற்கு ஏற்ற இலை. இதில் வெள்ளை பர்லி என்ற ரகம் 1864-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்டது.

துருக்கி இலை: சிறிய இலை. வெயிலில் காயவைப்பது. வாசனைக்காகக் கலப்பது.

லத்தாக்கியா: சிரியா நாட்டின் துறைமுகப் பட்டினத்தின் பெயர் பெற்றது. காய்ந்த இலையை விறகுப் புகையில் மூட்டம் போட்டுக் கருக்குவார்கள். பின்னாளில் சைப்ரஸ் தீவிலும் இது தயாரானது. கருவாடு, புகையூட்டிய இறைச்சி போன்ற அழுத்தமான வாடை. சமையலில் பெருங்காயம் எப்படியோ, கலவையில் இது அப்படி. கொஞ்சம் போதும். ஆனால் பாத்திரத்தை விட்டுப் போகாது.

பெரிக்: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் என்ற வட்டாரத்தில் பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைக்கும் இலை. மிகவும் காட்டம்.

காவன்டிஷ்: இது இலையின் பெயர் அல்ல, செய்முறையின் பெயர். இலையை இனிப்பும் மணமும் சேர்த்து, சூடாக்கி அழுத்திப் பதமாக்குவது. எங்களுக்குத் திரும்பி வந்த டின்கள் இந்த வகைதான்.

இனி பாத்திரம்

களிமண் பைப்: இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்தது. ஹாலந்தின் கௌடா நகரமும் இதற்குப் பேர் பெற்றது. ஆரம்ப காலப் பைப்புகளின் கிண்ணம் விரல் நுனி அளவே இருக்கும். காரணம், புகையிலை அன்று விலை கூடிய சரக்கு. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெரிதானது. தண்டின் துளையும் காலப்போக்கில் குறுகிக்கொண்டே வந்தது. மண்ணில் கிடைக்கும் உடைந்த தண்டுகளின் துளையை அளந்து காலத்தைக் கணிக்கலாம் என்று 1954-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு முறையே வகுத்தார். சரக்கின் விலை பாத்திரத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? களிமண் வாடையைக் கூட்டாது, குறைக்காது. ஆனால் கை சுடும், விழுந்தால் உடையும்.

பிரையர் மரப் பைப்: மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒரு புதர்ச் செடியின் வேர்முண்டில் செய்வது. பல மணி நேரம் வேகவைத்து, மாதக் கணக்கில் உலர்த்தி, பிறகுதான் கடைவார்கள். நெருப்பைத் தாங்கும், கையைச் சுடாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சேன்-குளோத் என்ற ஊர் இதற்குத் தலைநகரம் போல விளங்கியது. பிடிக்கப் பிடிக்க உட்சுவரில் கரி படியும். ஒரு மெல்லிய நாணயத்தின் கனத்துக்கு அது இருப்பது நல்லது, மரம் கருகாது. அதற்கு மேல் போனால் சுரண்டிவிட வேண்டும், இல்லையேல் கிண்ணம் வெடிக்கும். இதன் குறை ஒன்றுதான். வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மீர்ஷாம்: மரம் அல்ல, கல். ஜெர்மன் மொழியில் கடல் நுரை என்று பொருள். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் வெட்டி எடுப்பது. ஈரமாக இருக்கும்போது கத்தியால் செதுக்கலாம். பிடிக்கப் பிடிக்க வெள்ளை நிறம் தேன் நிறமாக மாறும். வாடையைச் சீக்கிரம் ஏற்காது. இதில் கரி படியவிடக் கூடாது. பிரையருக்குச் சொன்ன விதி இதற்குத் தலைகீழ்.

மக்காச்சோளத் தக்கை: மணி உதிர்த்த கதிரின் தக்கையைக் குடைந்து செய்வது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869-இல் இதன் தொழில் தொடங்கியது. ஹாலந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிப்பே என்ற மரக் கடைசல்காரர் தொடங்கியது. தக்கையின் வெளிப்புறத் துளைகளைச் சாந்து பூசி அடைத்துச் செய்யும் முறைக்கு 1878-இல் உரிமம் பெற்றார். தூக்கி எறிய வேண்டிய தக்கை சரக்கானது! அந்தக் கம்பெனிக்கே மிசௌரி மீர்ஷாம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின் தளபதி மக்கார்தர் கையில் படங்களில் காண்பது இந்தப் பைப்தான். விலை குறைவு, பழக்க வேண்டிய தேவை இல்லை, வாடை தங்குவதும் குறைவு. புதுச் சரக்கைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பாத்திரம் இல்லை.

எதற்கு எது

இது சட்டம் அல்ல. பைப் பிடிப்பவர்களின் அனுபவ வழக்கு. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பொதுவாக எங்களுக்குப் புரிந்தது இவ்வளவு.

தகடு தகடாக அழுத்திய வர்ஜீனியாவுக்கு, கிண்ணம் குறுகலாகவும் சற்று ஆழமாகவும் இருக்க வேண்டும். சுவர் கனமாக இருப்பது நல்லது. எரியும் பரப்பு குறைவாக இருந்தால்தான் அது நிதானமாக எரியும்.

லத்தாக்கியாவும் துருக்கி இலையும் சேர்ந்த கலவைக்கு, வாய் அகன்ற கிண்ணம். பல இலைகள் ஒரே சமயத்தில் எரிந்தால்தான் கலவையின் மணம் வெளிவரும். இதற்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிட வேண்டும்.

பர்லிக்கு எந்தப் பைப்பும் சரி. தக்கைப் பைப் மிகவும் பொருத்தம்.

காவன்டிஷ் போன்ற மணமூட்டிய சரக்கு ஈரம் அதிகமுள்ளது. தண்டில் நீர் கோக்கும், கிண்ணத்தில் பிசுக்குப் படியும். வடிகட்டி வைக்கும் பைப்போ தக்கைப் பைப்போ கொடுக்கலாம். பிரையர் என்றால் தனியாக ஒன்று.

பெரிக் போன்ற காட்டமான இலைக்குச் சிறிய கிண்ணம்.

ஈரப் பதமும் முக்கியம். சிட்டிகை எடுத்து விரலால் அழுத்தினால் கட்டியாக ஒட்டவும் கூடாது, பொடியாக நொறுங்கவும் கூடாது. மெல்ல விரிய வேண்டும். மளிகைக் கடைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையிலையைத் துளைக்கும் சிறு பழுப்பு வண்டு, அதே மஞ்சளையும் மல்லியையும் மிளகாயையும் துளைக்கும். ஆகவே புகையிலை வைத்திருக்கும் கடைக்காரர் மசாலாச் சரக்கைப் பக்கத்தில் அடுக்கினால் இரண்டுக்கும் நஷ்டம். டீத்தூளுக்கோ வாடை ஏறும்.

மளிகைக்கு இதில் என்ன பாடம்

இனி நம் சொந்தச் சரக்குக்கு வருவோம். அந்த நான்கு டின்னுக்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்தது. எந்தச் சரக்கு குறை என்று திரும்பி வந்தாலும், முதலில் அதை எதில் வைத்தார்கள், எதில் செய்தார்கள் என்று கேட்கிறோம்.

நல்லெண்ணெய் காறுகிறது என்று வருவார்கள். விசாரித்தால், அடியில் பழைய எண்ணெய் கிடந்த டின்னிலேயே புது எண்ணெயை ஊற்றியிருப்பார்கள். துரையின் பைப்புக்கும் இந்த டின்னுக்கும் என்ன வித்தியாசம்? காப்பித்தூளில் டிகாக்ஷன் இறங்கவில்லை என்பார்கள். பில்டருக்கு அரைத்த பதம் வேறு, துணியில் வடிகட்டுவதற்கு அரைத்த பதம் வேறு. டீக்கடைக்கு டஸ்ட் டீ. வீட்டில் நிதானமாக ஊறவைத்துக் குடிப்பவருக்கு இலைத் தேயிலை. மாற்றிக் கொடுத்தால் இருவருமே சரக்கு மோசம் என்பார்கள். ஊறுகாய் கெட்டது, உப்பு சரியில்லை என்று ஓர் அம்மாள் வந்தார். ஈரம் துடைக்காத ஜாடியில் போட்டிருந்தார். புளிக் கரைசலை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் புளியைக் குறை சொன்னவர்களும் உண்டு.

இதில் எதிலும் வாடிக்கையாளரிடம் "உங்கள் தப்பு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லக் கூடாது. நாங்கள் செய்வது இதுதான். அதே சரக்கில் ஒரு கைப்பிடி கொடுத்து, "இதைப் புதுப் பாத்திரத்தில் ஒரு தடவை செய்து பாருங்கள் அம்மா, அப்போதும் சரியில்லை என்றால் பணம் வாபஸ்" என்போம். அந்தக் கைப்பிடிதான் எங்கள் தக்கைப் பைப். பத்தில் ஏழெட்டுப் பேர் திரும்பக் குறை சொல்லி வந்ததில்லை. மீதிப் பேருக்கு உண்மையிலேயே சரக்கில் குறை இருக்கும். அப்போது தயங்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, சோதித்த விவரத்தோடு கொள்முதல் செய்த இடத்துக்கு எழுதுவோம். அப்படி எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

புகையிலை விற்போர் கவனத்துக்கு

2004-இல் நாங்கள் ஏன் நிறுத்தினோம் என்பதைச் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருட்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் சில்லறை வாடிக்கைக் கடைகளில் இரண்டு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருந்தன. சட்டத்துக்கு மட்டும் பயந்து நிறுத்தவில்லை. பைப் பிடிப்பது சிகரெட்டைப் போல் கெடுதல் இல்லை என்று அந்த நாளில் எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் சொல்லி விற்றோம். ஆனால் பைப் பிடிப்பது உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்று 1964-லேயே அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை சொல்லிவிட்டது. எந்தப் பாத்திரத்துக்கு எந்த இலை என்று தேடித் தேடிக் கற்ற நாங்கள், இலை போய்ச் சேரும் கடைசிப் பாத்திரம் மனித உடம்பு என்பதைக் கடைசியாகத்தான் நினைத்தோம். அதற்குப் பொருத்தமான புகையிலை எதுவும் இல்லை.

இன்னமும் விற்பவர்கள் இருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். சட்டத்தை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். பைப் புகையிலையும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருளே. 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்கக் கூடாது. எச்சரிக்கைப் படம் இல்லாத டப்பாவை விற்றால் விற்பவரும் குற்றவாளிதான். முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டு வந்த டின் என்று வாங்கி வைத்தால் இதில்தான் மாட்டுவோம். சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று பையன் வந்தாலும் கொடுக்காதீர்கள்.

நினைவில் வைக்க

1. விற்கும்போதே கேளுங்கள்: எதற்கு, எதில், எத்தனை நாளைக்கு?
2. குறை என்று வந்தால் முதலில் சரக்கைத் திறந்து நீங்களே முகர்ந்து, சுவைத்துப் பாருங்கள்.
3. அதே சரக்கைச் சுத்தமான வேறு பாத்திரத்தில் ஒரு முறை சோதியுங்கள்.
4. சோதித்து முடியும் வரை கொள்முதல் செய்த இடத்துக்குக் கடுமையாக எழுதாதீர்கள். பாக்கியை நிறுத்தாதீர்கள்.
5. வாடை விடும் சரக்கையும் வாடை ஏற்கும் சரக்கையும் ஒரே அடுக்கில் வைக்காதீர்கள்.

அந்தப் பெரியவர் கொடுத்த தக்கைப் பைப் இன்றும் எங்கள் கல்லாப்பெட்டியின் மேல் இருக்கிறது. புகைப்பதற்கு அல்ல. திரும்பி வந்த சரக்கோடு யாராவது கோபமாகக் கடைக்குள் நுழைந்தால், பதில் சொல்வதற்கு முன் எங்கள் பார்வை அதன் மேல் போகும். நான்கு டின் புகையிலைக்காக ஒரு நல்ல வியாபாரியை இழந்தோம். அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. உங்களுக்கு அது வர வேண்டாம்.